யாரைக் கேட்டு ஸ்கூல் திறந்தீங்க?

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். எல்.கே.ஜி. அட்மிஷன் அன்னிக்கு அப்பா விரலைப் பிடிச்சுக்கிட்டு, புது ஷூ கடிக்கக் கடிக்க ஸ்கூல் வாசல்ல நின்னீங்களே, ஞாபகம் இருக்கா? அந்த அப்ளிகேஷன்ல கையெழுத்துப் போட்டது யாரு? 'இந்த ஸ்கூல் உனக்குப் பிடிச்சிருக்கா கண்ணு?'னு உங்களை யாராவது கேட்டாங்களா? கேட்டிருந்தாலும், உள்ளே சறுக்கு மரம் இருக்கானு மட்டும்தான் எட்டிப் பார்த்திருப்பீங்க!

மூணு வயசுப் பொடிசுகிட்ட போய் யாரு அபிப்பிராயம் கேட்பாங்க? எந்த ஸ்கூல்னு அப்பா அம்மா முடிவு பண்ணினாங்க. அந்த ஸ்கூல் இருக்கலாமா, கூடாதானு ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸ் முடிவு பண்ணியது. சரி, இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல முட்டிக்கிட்டா?

முட்டிக்கிட்டிருக்கு பாஸ். இருபது, முப்பது பிள்ளைங்க படிச்ச ஒரு குட்டியூண்டு பாப்டிஸ்ட் ஸ்கூலுக்காக, ஏழு அப்பாக்கள் ஏறத்தாழ மூணு மாசம் ஜெயில்ல உட்கார்ந்திருந்தாங்க. நடந்தது அமெரிக்காவில், 1983-ல்.

அமெரிக்கா மேப்பை விரிச்சு நட்டநடுவில் விரலை வெச்சா நெப்ராஸ்கா மாநிலம் வரும். கண்ணுக்கு எட்டின வரைக்கும் சோளக்காடு, மாட்டுப் பண்ணை. அங்கே ஒமாஹா, லிங்கன்னு ரெண்டு பெரிய ஊர். ரெண்டுக்கும் நடுவில், பிளாட் நதிக்கரையில் லூயிஸ்வில்னு ஒரு சின்ன ஊர். ஆயிரம் பேர் சொச்சம். (கென்டக்கி மாநிலத்தில் இதே பேரில் ஒரு பெரிய நகரம் இருக்கு. முகமது அலி பிறந்த ஊர். அது வேற, இது வேற.) இந்த ஊரில் ஃபெய்த் பாப்டிஸ்ட் சர்ச்னு ஒரு சபை. பாஸ்டர் பேர் எவரெட் சிலேவன். 1977-ல் சர்ச் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடத்தை ஆரம்பிச்சார். அவ்வளவுதான் மேட்டர். இதுக்குப் போயா ஜெயில்?

அதுக்கு முன்னாடி, ஏன் ஆரம்பிச்சார்னு பார்த்துடலாம். 1962, 63-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ரெண்டு தீர்ப்பு கொடுத்தது. 'அரசுப் பள்ளிகளில் பள்ளியே முன்னின்று ஜெபம் நடத்தக் கூடாது, பைபிள் வாசிப்பைச் சடங்காக வெச்சுக்கக் கூடாது'னு. பக்திமான்கள் கொதிச்சுப் போனாங்க. 'எங்க பிள்ளைங்களுக்கு நாங்களே ஸ்கூல் நடத்திக்கறோம்'னு ஊர் ஊரா சின்னச் சின்ன சர்ச் ஸ்கூல்கள் முளைச்சது. தெற்கு மாநிலங்களில் இதே அலைக்கு இன்னொரு அசிங்கமான காரணமும் இருந்தது. கறுப்பினப் பிள்ளைங்களோட எங்க பிள்ளைங்க உட்காராதுங்கிற திமிர். எல்லா சர்ச் ஸ்கூலையும் அந்தக் கணக்கில் சேர்த்துட முடியாது. ஆனா, சொல்லாம விட்டா கதை பாதிதான்.

ஆசை இருக்கு, சரி. இருபது பிள்ளைங்களுக்காக வகுப்புக்கு ஒரு டீச்சர்னு போட்டா சம்பளத்துக்கு எங்கே போறது? அங்கேதான் வந்தது ஏ.சி.இ. விரிச்சுச் சொன்னா, ஆக்ஸிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன். டெக்ஸாஸில் 1970-ல் டொனால்ட் ஹோவர்டுங்கிறவர் ஆரம்பிச்ச பாடத்திட்டம். லூயிஸ்வில் பள்ளியிலும் இதுதான்.

இந்த கிளாஸ் ரூமைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. கரும்பலகை முன்னாடி டீச்சர் நின்னு பாடம் நடத்துறதே கிடையாது! சுவரைப் பார்த்தபடி வரிசையா டேபிள். ஒவ்வொரு டேபிளுக்கும் ரெண்டு பக்கமும் தடுப்பு. நம்ம ப்ரௌசிங் சென்டர் கேபின் மாதிரியேதான். அதுக்குப் பேரு 'ஆபீஸ்'. ஆறு வயசு வாண்டுக்கு ஆபீஸ்! பாடத்தை மெல்லிசான கையேடுகளாகப் பிரிச்சிருப்பாங்க. ஒரு சப்ஜெக்ட்டுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு. அதைத் தானே படிச்சு, தானே எழுதணும். அப்புறம் எழுந்து போய் நடுவில் இருக்கிற மேஜையில் விடைப் புத்தகத்தைப் பார்த்து தானே திருத்திக்கணும். (நம்மகிட்ட இந்த சிஸ்டத்தைக் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே பயமா இருக்கு.) கடைசிப் பரீட்சை மட்டும் பெரியவங்க கையில். எண்பது சதவிகிதம் வாங்கினாத்தான் அடுத்த கையேடு. இல்லேன்னா அதையே மறுபடி படி ராசா!

சந்தேகம் வந்தா கையைத் தூக்கக் கூடாது. டேபிள் மேல ஒரு குட்டிக் கொடி இருக்கும். அதை எடுத்துத் தடுப்புக்கு மேல நட்டு வெச்சுட்டு உட்கார்ந்திருக்கணும். பாடத்தில் சந்தேகம்னா ஒரு கொடி, பாத்ரூம் மாதிரி சமாச்சாரத்துக்கு இன்னொரு கொடி. பார்த்துட்டு ஒருத்தர் வருவார். அவருக்குப் பேரு டீச்சர் இல்லை, 'சூப்பர்வைசர்'. ஆறு வயசும் பதினாறு வயசும் ஒரே ஹாலில், ஆளுக்கொரு பாடத்தில், சத்தமே இல்லாமல். ரெண்டு மூணு பெரியவங்க இருந்தா போதும், ஒரு முழு ஸ்கூலையே ஓட்டிடலாம்.

நிஜமாவே இதில் ஒரு நல்லது இருக்கு. மெதுவா படிக்கிற குழந்தையை யாரும் 'மக்கு'னு சொல்லி விட்டுட்டுப் போக மாட்டாங்க. அது தன் வேகத்தில் போகும். வேகமா படிக்கிற குழந்தை மத்தவங்களுக்காகக் கொட்டாவி விட்டுட்டு உட்கார வேண்டாம். ஆனா, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கணும்! பக்கத்துப் பையனோட சேர்ந்து ஒரு கேள்விக்கு முட்டி மோதுறது, 'மிஸ், ஏன் அப்படி?'னு குறுக்கே கேட்கிறது, அந்த ஒரு கேள்வியால கிளாஸே திசை மாறிப் போறது... எதுவும் கிடையாது. கையேட்டில் இருக்கிற பதில்தான் பதில். அந்தப் பதில்களும் சில சமயம் ஒரு தினுசா இருக்கும். இந்த வரிசையில் ஒரு பழைய பதிப்பில், ஸ்காட்லாந்து ஏரியில் இருக்கிறதா சொல்ற லாக் நெஸ் பூதத்தைப் பரிணாமக் கொள்கைக்கு எதிரான சாட்சியா எழுதி வெச்சிருந்தது 2012-ல் பேப்பர்களில் நாறியது.

சரி, லூயிஸ்வில்லுக்கு வருவோம். அப்போதைய நெப்ராஸ்கா சட்டப்படி தனியார் பள்ளின்னாலும் அரசோட அங்கீகாரம் வேணும். ஆசிரியர்களுக்கு மாநிலம் கொடுக்கிற சர்டிஃபிகேட் வேணும். அந்த சர்டிஃபிகேட்டுக்கு டிகிரி வேணும். சிலேவன் ஸ்கூலில் இது எதுவும் இல்லை. விண்ணப்பம் போட்டா கிடைச்சிருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். அவர் விண்ணப்பமே போட மாட்டேன்னுட்டார். 'இந்தப் பள்ளி எங்க ஊழியத்தோட ஒரு பகுதி. ஊழியம் செய்ய சர்க்கார்கிட்ட லைசென்ஸ் வாங்கினா, சபைக்குத் தலை சர்க்கார்னு ஆயிடும். எங்களுக்குத் தலை கிறிஸ்து மட்டும்தான்'னார்.

வீம்புனு தோணுதா? எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா, பாப்டிஸ்ட் வரலாற்றைப் புரட்டினா இந்த வீம்புக்கு நானூறு வருஷ வேர் இருக்கு. 1612-ல் தாமஸ் ஹெல்விஸ்னு ஒரு ஆங்கிலேய பாப்டிஸ்ட், 'ராஜாவும் மனுஷன்தான், ஜனங்களோட ஆன்மா மேல அவருக்கு அதிகாரம் கிடையாது'னு புத்தகமே எழுதினார். தன் சபைக்காரங்களுக்காக மட்டும் இல்லை, யூதர், முஸ்லிம் எல்லாருக்கும் சேர்த்தே அந்த உரிமையைக் கேட்டார். ஜேம்ஸ் மன்னர் காலம். தூக்கி நியூகேட் ஜெயில்ல போட்டாங்க. அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபையை 1638-ல் பிராவிடன்ஸில் ஆரம்பிச்ச ரோஜர் வில்லியம்ஸ், இதே மாதிரி பேசி மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்டவர். மதத்துக்கும் அரசுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கணும்னு அதிபர் ஜெஃபர்சன் 1802-ல் எழுதின பிரபலமான கடிதம் யாருக்குத் தெரியுமா? டேன்பரி என்ற ஊர் பாப்டிஸ்ட்களுக்கு!

அவங்களுக்கு மேல பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே ராஜா. அதனாலதான் அவங்க ஸ்கூல் பலதும் இத்தனை சின்னதா இருக்கு. பின்னாடி பணம் கொடுக்க மறைமாவட்டம், தலைமைப்பீடம்னு எதுவும் இல்லை. பாஸ்டர், கொஞ்சம் அப்பா அம்மாக்கள், ஞாயிற்றுக்கிழமை தவிர மத்த நாள் சும்மா கிடக்கிற ஹால். அவ்வளவுதான் முதலீடு.

இன்னொண்ணும் சொல்லணும். பாப்டிஸ்ட்கள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டாங்க. விவரம் தெரிஞ்சு, 'நான் நம்புறேன்'னு தன் வாயால சொன்ன பிறகுதான் தண்ணிக்குள்ள முழுசா முக்கி எடுப்பாங்க. அப்பன் நம்பிக்கை மகனுக்குத் தானா வந்துடாது, அவனே தேர்ந்தெடுக்கணும்கிறது அவங்க கொள்கை. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

கேஸ் நெப்ராஸ்கா சுப்ரீம் கோர்ட் வரை போச்சு. 1981-ல் தீர்ப்பு: சர்ச்சுக்குத் தோல்வி. பிள்ளைங்க படிப்பு உருப்படியா இருக்கானு பார்க்கிறது அரசோட பொறுப்பு, டீச்சருக்கு ஒரு டிகிரியாவது இருக்கணும்னு கேட்கிறது ஒண்ணும் அநியாயம் இல்லைன்னுட்டாங்க. வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டும் அதே வருஷம் அப்பீலைத் தள்ளுபடி பண்ணிடுச்சு.

டிகிரி இருந்தா நல்லா பாடம் எடுப்பாங்களா? உங்க டிபார்ட்மென்ட்லயே பார்த்தா... சரி, பேர் வேண்டாம். இன்டர்னல் மார்க் இருக்கு. ஆனா ஒரு கேள்வி. டிகிரி வேண்டாம், சர்டிஃபிகேட் வேண்டாம், இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாம்னா, ஒரு ஏழு வயசுக் குழந்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரியலைங்கிறது வெளியில யாருக்குத் தெரியும்?

கோர்ட் சொல்லியும் ஸ்கூல் நடந்தது. 1982-ல் பாஸ்டரைக் கோர்ட் அவமதிப்புக்காக உள்ளே தள்ளினாங்க. அப்பவும் நடந்தது. அந்த வருஷம் அக்டோபர் 18, விடிஞ்சும் விடியாத நேரம். சர்ச்சுக்குள்ள முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கிட்டிருந்த எண்பதுக்கும் மேற்பட்டவங்களை ஷெரிஃபும் போலீஸும் ஒவ்வொருத்தராத் தூக்கிட்டு வந்து வெளியே விட்டாங்க. கதவுக்குப் பூட்டு. ஆராதனை நேரத்தில் மட்டும் திறந்து விடுவோம்னாங்க!

ஒரு சர்ச் கதவில் அரசாங்கப் பூட்டு. டி.வி. சும்மா இருக்குமா? நாடு முழுக்க அந்தப் படம் ஓடியது. அதுவரைக்கும் லூயிஸ்வில் எங்கே இருக்குனே தெரியாத பாஸ்டர்கள் மாநிலம் மாநிலமாக் கிளம்பி வந்து இறங்கினாங்க. ஆபீஸர்கள் புத்திசாலித்தனமா நடந்துக்கலைன்னு இந்த இடத்தில் சொல்லித்தான் ஆகணும். உள்ளே போய் நாலு பிள்ளைங்களை உட்கார வெச்சு, வாசிக்கச் சொல்லி, ரெண்டு கணக்குப் போடச் சொல்லி, 'நல்லா இருக்கு', 'நல்லா இல்லை'னு சொல்லியிருந்தா அது பேச்சு. கேஸ் முழுக்க பேப்பரைச் சுத்தியே ஓடியது. அங்கீகாரப் பேப்பர் எங்கே, சர்டிஃபிகேட் பேப்பர் எங்கே...

1983 நவம்பர் 23. மறுநாள் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. நம்ம பொங்கல் மாதிரி, வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ற நாள். அன்னிக்குக் கோர்ட்டில், பிள்ளைங்களை அந்த ஸ்கூலுக்கு அனுப்பின அப்பாக்களைக் கூண்டில் ஏத்தினாங்க. ஸ்கூல் பத்திக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டோம்னு ஏழு பேரும் வாயை மூடிக்கிட்டாங்க. 'பதில் சொல்ற வரைக்கும் உள்ளேயே இருங்க'ன்னார் ஜட்ஜ். மாவட்டத் தலைநகர் பிளாட்ஸ்மவுத்தில் ஜெயில். தேங்க்ஸ்கிவிங் போச்சு, கிறிஸ்துமஸ் போச்சு, நியூ இயரும் போச்சு. ஏழு பேரும் பதில் சொல்லலை. அம்மாக்களையும் பிடிப்பாங்கன்னு பயம். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மாநில எல்லையைத் தாண்டிப் போயிட்டாங்க. பள்ளிக்கூடத்துக்காக ஊரை விட்டு ஓடின பிள்ளைங்க! அந்த நாட்களில் அந்தப் பொடிசுகள் எந்தக் கையேட்டைப் படிச்சதோ, எந்தக் கொடியைத் தூக்கினதோ...

இதே நெப்ராஸ்காவுக்கு இது புதுசில்லைங்கிறதுதான் வேடிக்கை. 1920-ல் ஹாம்ப்டன் என்ற ஊரில் ஒரு லூத்தரன் சர்ச் ஸ்கூல். அதுவும் ஒத்தை ரூம் பள்ளிதான். ராபர்ட் மேயர்னு வாத்தியார். பத்து வயசுப் பையனுக்கு ஜெர்மன் மொழியில் பைபிள் கதை வாசிக்கச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தார். முதல் உலகப்போர் முடிஞ்ச சூடு. எட்டாவது தாண்டாத பிள்ளைங்களுக்கு வேற்று மொழி கற்பிக்கக் கூடாதுனு 1919-ல் மாநிலம் சட்டம் போட்டிருந்தது. வாத்தியாருக்கு 25 டாலர் ஃபைன். மனுஷன் கட்ட மறுத்து வாஷிங்டன் வரைக்கும் போனார். 1923-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தையே தூக்கிக் குப்பையில் போட்டுச்சு. 'பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கணும்கிறதில் அப்பா அம்மாவுக்கு உரிமை இருக்கு'ங்கிற அமெரிக்கச் சட்டம் பெரிய அளவில் தொடங்கினதே அந்த ஒத்தை ரூம்லேருந்துதான். அறுபது வருஷம் கழிச்சு அதே மாநிலத்தில் இன்னொரு குட்டிப் பள்ளி, அதே வம்பு.

அப்போ நெப்ராஸ்கா கவர்னர் பாப் கெர்ரி. வியட்நாம் போரில் காலின் ஒரு பகுதியை இழந்தவர். பின்னாளில் செனட்டர் ஆனார். ஊரே தலைகுனியிற மாதிரி ஆயிடுச்சேன்னு ஒரு குழுவைப் போட்டார். 1984 ஜனவரியில் அவங்க கொடுத்த அறிக்கையின் சாரம்: இந்தச் சட்டம் மத சுதந்திரத்தை மீறுது, மாத்துங்க. ஏப்ரலில் சட்டசபை மாத்தியது. 'அரசோட அங்கீகார விதிகள் எங்க நம்பிக்கைக்கு ஒத்து வரலை'னு பெற்றோர் எழுதிக் கொடுத்தா, அந்தப் பள்ளிக்கு விலக்கு. டீச்சருக்கு சர்டிஃபிகேட் வேண்டாம். கணக்கு, அறிவியல், மொழி, சமூகவியல், சுகாதாரம்னு அடிப்படைப் பாடங்களை மட்டும் குறிப்பிட்ட மணி நேரம் நடத்தினா போதும்.

அப்பாக்கள் பிப்ரவரியிலேயே வெளியே வந்துட்டாங்க. அவங்க ஜெயிச்சாங்க. பிறகு மதக் காரணம் சொல்லாதவங்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. நெப்ராஸ்காவில் வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவங்களும் இந்த விலக்கில்தான் வருவாங்க. அதாவது, அந்த வீடே சட்டப்படி ஒரு பள்ளிக்கூடம். சமையல்கட்டு டேபிள்தான் கிளாஸ் ரூம். மொத்த ஸ்ட்ரெங்த், ஒண்ணு!

கதை இங்கே சுபம்னு போட்டிருப்பேன். ஆனா, எனக்கு ஒரு ஆளைக் காணோமேன்னு இருக்கு. பாஸ்டர் பேசிட்டார். அட்டர்னி ஜெனரல் பேசிட்டார். ஜட்ஜ், கவர்னர், குழு எல்லாரும் பேசிட்டாங்க. அப்பாக்கள் பேசாமலேயே பேசிட்டாங்க. அந்த டேபிள் தடுப்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளை?

இந்தக் கேள்வியை 1972-லேயே ஒரு ஜட்ஜ் கேட்டிருக்கார். ஆமிஷ்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு. கார், கரன்ட் எல்லாம் வேண்டாம்னு குதிரை வண்டியில் போறவங்க. எட்டாவதுக்கு மேல பிள்ளைங்களைப் படிக்க அனுப்ப மாட்டோம்னு விஸ்கான்சின் மாநிலத்தில் மூணு அப்பாக்கள் சொல்ல, ஆளுக்கு அஞ்சு டாலர் ஃபைன் போட்டாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வந்து அப்பாக்கள் ஜெயிச்சாங்க. அப்போ வில்லியம் டக்ளஸ்ங்கிற ஜட்ஜ் மட்டும் முழுசா ஒத்துக்கலை. அந்தப் பிள்ளைங்கள்ல ஒரே ஒரு பொண்ணுதான் கோர்ட்டில் தன் விருப்பத்தைச் சொல்லியிருந்தா. அவ விஷயத்தில் சரி, மத்த பிள்ளைங்களைக் கேட்டீங்களா? அதுல ஒருத்தன் பியானோ வாசிக்கணும்னு நினைக்கலாம், விண்வெளிக்குப் போகணும்னு நினைக்கலாம். படிப்பை எட்டாவதோட நிறுத்தினா அவன் வாழ்க்கை என்னாகும்னு எழுதி வெச்சார். மத்த ஜட்ஜுங்க அதை எடுத்துக்கலை.

அவர் பேசினது பதினாலு, பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களைப் பத்தி. ஆறு வயசுப் பிள்ளையைக் கூண்டில் ஏத்திக் கேட்க முடியாது, நியாயம்தான். முடிவு பெரியவங்களோடதுதான். எந்தப் பெரியவங்கங்கிறதுல என் ஓட்டு அப்பா அம்மாவுக்குத்தான். ஆனா, ஒரு சின்ன கண்டிஷனோட. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியாள் யாராவது வந்து, அந்தப் பிள்ளை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, 'என்ன கண்ணு படிக்கிறே?'னு கேட்கணும். சர்டிஃபிகேட்டைப் பார்க்க வேண்டாம், பிள்ளையைப் பார்த்தா போதும். 'வாசலைத் தாண்டி சர்க்கார் வரக் கூடாது'னு சொல்றவங்களுக்கு இது பிடிக்காதுனு தெரியும். கைக்குழந்தை தானா முடிவு எடுக்கட்டும்னு ஞானஸ்நானத்துக்கே காத்திருக்கிற ஜனங்க, இந்த ஒரு விஷயத்திலும் கொஞ்சம் வழி விடலாமேங்கிறது என் ஆதங்கம்.

லூயிஸ்வில்லில் அன்னிக்குக் கொடி தூக்கின வாண்டுகளுக்கு இப்போ ஐம்பது வயசுக்குப் பக்கம் வந்திருக்கும். அதுல எத்தனையோ பேருக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் தேடின நாளும் வந்து போயிருக்கும். எந்த ஸ்கூல்ல சேர்த்தாங்களோ!

அது இருக்கட்டும்... உங்க எல்.கே.ஜி. ஸ்கூல் பக்கம் போய் எத்தனை வருஷமாச்சு? அந்தச் சறுக்கு மரம் இன்னும் இருக்கா?